ஆறு வயிற்றுவலி விடுப்புகள்

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவள், இரண்டு மாதத்தில் ஆறு முறை வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்து விடுப்பு எடுத்திருந்தாள். உண்மையில் அவளுக்குத் தூக்கமில்லை. காலையில் இயந்திரத்தின் முன் நின்றாலே நெஞ்சு படபடத்தது. சொன்னால் இயந்திரத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தாள். நான்கு வருடம் காத்திருந்து வாங்கிய இடம் அது.

ஃபோர்மேன் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். "வயித்துக்கு ஸ்கேன் எடுக்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட போகணும்மா."

ஸ்கேன் எடுத்தால் பொய் தெரிந்துவிடும் என்று அவள் கடிதத்தைத் திருப்பி நீட்டினாள். "என் வயிறு கல்லைத் தின்னாலும் செரிக்கும்ணே. மனசுதான் சரியில்ல. பிளேடு இறங்குறப்ப கை நடுங்குது."

"ரெண்டு மாசமாவா? விரலை எண்ணிப் பாத்தியா?"

"பத்தும் இருக்குண்ணே."

அவர் சிரிக்கவில்லை. "ஸ்கேன் வேணாம்னு சொல்லிடறேன். மனநல டாக்டரைப் போய்ப் பாரு. அதுவரைக்கும் தாள் எண்ணுற மேஜைல உக்காரு."

"அப்ப மெஷினு?"

"டாக்டர் சரின்னு சொன்னதும் உனக்குத்தான்."

"எழுதிக் குடுங்கண்ணே."

"என் பேச்சுல நம்பிக்கை இல்லியா?" என்று முணுமுணுத்தபடியே அவர் ஒரு சீட்டில் எழுதித் தேதியும் போட்டார். அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, கையெழுத்துப் போடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.