சூடம் அணைகிற வரைக்கும்

ஆயுத பூஜை அன்று காலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள்:

போர்மேன் மலையாண்டி.
மெக்கானிக் முத்திருளன்.
ஹெல்பர் சின்னான்.
கூட்டிப் பெருக்கும் முனியாயி.
உதவி இன்ஜினியர், கடைசிக் கால்மணி நேரம் மட்டும்.
இரவுக் காவல் முடிந்தும் வீட்டுக்குப் போகாத நான்.

இந்தப் பட்டியலை நான் பென்சிலால் எழுதியது ஒன்றரை மாதம் கழித்து, விசாரணையில் கொடுப்பதற்காக. கொடுக்கவில்லை. சட்டைப்பையில் கிடந்து வேர்வையில் நைந்துபோனது.

எங்கள் ஒர்க்‌ஷாப் வண்டியூர் போகிற ரோட்டில் இருந்தது. அரசாங்கத்து லாரியும் ரோடு ரோலரும் பம்பு செட்டும் ரிப்பேருக்கு வரும். எமர்ஜென்சி முடிந்த வருஷம், மெட்ராஸிலிருந்து மரப்பெட்டியில் ஒரு போட் இன்ஜின் வந்து இறங்கியது. கூடவே ஒரு அலுமினியப் படகு. வெள்ளம் வந்தால் ஆட்களை மீட்க என்றார்கள். வைகையில் அப்போது மணல்தான் கிடந்தது. இறக்கி வைத்த சின்னான், “இதை ஓட்டுறதுக்கு மொதல்ல ஆத்தை வாங்கியாரணும்ணே” என்றான்.

பெட்டிக்குள் ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. நான் பசுமலையில் பி.எஸ்.ஸி. இரண்டாம் வருஷத்தோடு நின்றவன். அதனால் போர்மேன் என்னைக் ‘காலேஜு’ என்றுதான் கூப்பிடுவார். காவலுக்கு உட்கார்ந்த நாட்களில் வேறு வேலை இல்லை. புத்தகத்தை முழுக்கப் படித்தேன்.

அது படகின் பின்னால் மாட்டுகிற இன்ஜின். அதன் கால் தண்ணீருக்குள் இருக்கும். காலுக்குள் ஒரு சின்ன ரப்பர் சக்கரம், ஆறு இதழ். அது சுற்றி, வெளியே இருக்கிற தண்ணீரை மேலே ஏற்றி இன்ஜினைக் குளிர வைக்கும். ஏறுகிறதா என்று தெரிய பின்பக்கம் ஒரு துளை. அதில் தண்ணீர் நூல் மாதிரி பீச்சியடிக்கும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் ரப்பர் கருகிவிடும், சில விநாடிகூட ஓட்டாதே என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

முத்திருளனிடம் படத்தைக் காட்டினேன். அவர் நாற்பதைத் தாண்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது. எந்த இன்ஜினையும் காதால் பார்ப்பவர்.

“தரையில வச்சு ஸ்டார்ட் பண்ணணும்னா என்ன செய்ய மாப்ள?”

“ட்ரம்ல தண்ணி ஊத்தி காலை முக்கி வைக்கணும்ணே.”

பூஜைக்கு முந்தின நாள் அவரே ஒரு தார் ட்ரம்மைச் சுரண்டிக் கழுவி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பினார்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்குச் சூடம் ஏற்றினதும் லேத்து, ட்ரில்லிங் மிஷின், கம்ப்ரசர், ஷெட்டில் நிற்கிற லாரி எல்லாம் ஓட வேண்டும். சூடம் தானாக அணைகிற வரைக்கும் எதையும் நிறுத்தக் கூடாது. நடுவில் நிற்கிற மிஷின் அந்த வருஷம் ஆளைக் காவு வாங்கும் என்பார் மலையாண்டி. சூடமும் ஒரு கட்டி இல்லை. ஒரு டப்பாவைத் தட்டில் கவிழ்ப்பார்.

அன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. தரை கழுவ வேண்டும், லாரி கழுவ வேண்டும், இன்ஜினியர் வருகிறார். போர்மேன் சொல்ல, முனியாயி ட்ரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினாள். முத்திருளன் வாழைக்கன்று வாங்கிக்கொண்டு வந்தபோது ட்ரம்மில் அடிவண்டல்தான் இருந்தது.

இன்ஜின் மர ஸ்டாண்டில் தொங்கியது. சந்தனம் தெளித்து, மாலை போட்டிருந்தார்கள். இன்ஜினியர் அதற்குக் குங்குமம் வைத்தார். மலையாண்டி தீக்குச்சியைக் கிழித்தார்.

“முத்திருளா, போட்டை ஸ்டார்ட் பண்ணு.”

“தண்ணி இல்லையேண்ணே.”

“ரெண்டு நிமிஷச் சாமி காரியம்டா. அது என்ன மீனா, செத்துப்போக?”

சின்னான் சிரித்தான். நான் சொன்னேன். சொன்னேன் என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். “சார், புஸ்தகத்துல...” என்று ஆரம்பித்தேன். போர்மேன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தினக்கூலி. நிரந்தரம் ஆக்குகிற லிஸ்ட் அந்த வாரம்தான் அவர் கையால் போயிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

முத்திருளன் என்னைப் பார்த்தார். நான் சூடத்தைப் பார்த்தேன். அவர் கயிற்றை இழுத்தார்.

நன்றாகத்தான் ஓடியது. சூடம் ஐந்து நிமிஷம் எரிந்தது. பாதியில் ரப்பர் தீய்கிற வாடை வந்தது. புதுசு என்றால் பெயிண்ட் அப்படித்தான் நாறும் என்றார் மலையாண்டி. சூடம் அணைந்ததும் நிறுத்தினார்கள். சுண்டல் கொடுத்தார்கள். வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய் உடைத்துக்கொண்டு, ஒரு குடியிருப்பைச் சுற்றித் தண்ணீர் நின்றது. படகை லாரியில் ஏற்றினோம். தண்ணீரில் விட்டுப் பார்க்க அதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. துடுப்பு இரண்டும் பூஜை மேடையிலேயே சாத்தியிருந்தது, சந்தனத்தோடு. அதை ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை.

இங்கிலீஷ் படிக்கிறவன் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். முத்திருளன் கரையில் இன்ஜினைக் கிளப்பினார். நான் துளையைப் பார்த்தேன். நூல் இல்லை.

“சார், தண்ணி வரலை.”

மலையாண்டி குடையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார். “சுத்தி அம்புட்டும் தண்ணிதான் கிடக்கு. இன்னும் எங்கேருந்துடா வரணும் காலேஜு?”

முத்திருளனோடு படகு போய்விட்டது. போகும்போது ஓடியது. அங்கே ஏழு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பியது. நடுவில் கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு மழைச் சத்தம் மட்டும். முத்திருளன் கயிற்றை இழுக்கிறார், கயிறு வரவில்லை. சூட்டில் பிஸ்டன் கடித்துக்கொண்டு இறுகியிருக்கும் என்று கரையில் நின்ற எனக்குத் தெரிந்தது. தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் இழுத்துக்கொண்டுபோய்ப் படகைக் கருவேல மரத்தில் மோதிக் கவிழ்த்தது.

முத்திருளன் நான்கு பேரை இழுத்து மரத்தில் ஏற்றினார். இரண்டு பேர் தாங்களே ஏறிக்கொண்டார்கள். சோணையம்மாள் என்கிற பெண் மறுநாள் மதியம் கிடைத்தாள். முப்பது வயசு இருக்கும். கையில் ரேஷன் கார்டைப் பாலிதீன் பையில் சுற்றிக் கட்டியிருந்தாள். கார்டு நனையவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் மீட்டு வந்த இன்ஜினை முத்திருளனே பிரித்தார். ரப்பர் சக்கரத்தில் ஒரு இதழும் இல்லை. நடுக்குமிழ் மட்டும் கருத்து, மொழுமொழுவென்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக உதவி இன்ஜினியர் ரூமுக்குப் போனார்.

விசாரணை மூன்று நாள் கழித்து நடந்தது. பெரிய இன்ஜினியர் வந்திருந்தார். டைப் அடித்த காகிதம் தயாராக இருந்தது. வெள்ளத்தன்றுதான் இன்ஜின் முதன்முதலாக இயக்கப்பட்டது, மெக்கானிக் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டியதால் பழுதானது என்று இருந்தது. முத்திருளன் ஒத்துக்கொள்ளவில்லை. பூஜையில் ஓட்டினதைச் சொல்லியிருக்கிறார். யார் பார்த்தது என்று கேட்டிருக்கிறார்கள். காலேஜைக் கேளுங்க, அவனுக்குத்தான் புஸ்தகம் தெரியும் என்றிருக்கிறார்.

என்னைக் கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் மலையாண்டி உட்கார்ந்திருந்தார். நான் கடந்துபோகும்போது குரலை உயர்த்தாமல் சொன்னார். “சாமி கும்பிட்டதைக் குத்தம்னு எழுதிக் கொடுத்துறாத. லிஸ்ட் வந்திருச்சு. உன் பேரு மூணாவதா இருக்கு.”

உள்ளே பெரிய இன்ஜினியர் கேட்டார். “பூஜை அன்னைக்கு இந்த இன்ஜினை ஓட்டினாங்களா?”

முத்திருளன் சுவரோரம் நின்றார். கருத்த ரப்பர் மேஜைமேல், பேப்பர் வெயிட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் எழுதின பட்டியல் என் சட்டைப்பையில் இருந்தது.

“நான் டூட்டி முடிஞ்சு போயிட்டேன் சார்.”

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். எனக்கு முன்னால் சின்னான் போட்டிருந்தான். முனியாயி கைநாட்டு வைத்திருந்தாள். அவளுடைய மை என் விரலிலும் ஒட்டியது.

முத்திருளனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷச் சர்வீஸ். உத்தரவு வந்த அன்று மாலை, நான் டூட்டிக்கு வந்தபோது அவர் தன் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்பேனர், தூக்குச்சட்டி, மாற்றுச் சட்டை. மற்றவர்கள் போய்விட்டார்கள். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“மாப்ள, அந்தப் புஸ்தகத்துல எம்புட்டு நேரம்னு போட்டிருந்துச்சு?”

“சில விநாடிண்ணே.”

“நாம அஞ்சு நிமிஷம் ஓட்டிருக்கோம்.”

“ஆமா.”

“நடுவுல நிப்பாட்டிருந்தா?”

“ஆரம்பத்துலேயே நிப்பாட்டிருக்கணும்.”

சட்டையை மடித்துத் தூக்குச்சட்டிக்குமேல் வைத்தார். “அன்னைக்கு நான் உன்னைப் பார்த்தேன்ல?”

“பார்த்தீங்க.”

“சரி. உன் கண்ணுல படலையோன்னு நினைச்சேன்.”

வேறு ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன். ஸ்பேனர் இரண்டையும் என்னிடம் நீட்டினார். வெளியே போகிறவர்களைச் சோதித்து அனுப்புவது காவல்காரன் வேலை. வாங்கிப் பார்த்தேன். அரசாங்க முத்திரை இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

“வாரேன்” என்றார்.

சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே போனார். நான் கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.