முடிவுரையில் புதிதாக எதுவும் வரக்கூடாது

1. அறிமுகம்

தோள்பட்டை வலிக்கிறது. மூட்டை தூக்கிய காலத்தில் வலித்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. பேனா தூக்கி வலிக்கிறது என்று சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். ஆகவே அடுத்தவர் தோளைப் பற்றி எழுதுகிறேன்.

கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வீட்டுக்காரர் சிமெண்ட் கிடங்கில் சுமை தூக்குகிறவர். வலது தோள் இறுகி, கை மார்புக்கு மேல் ஏற மறுத்தது. ஆஸ்பத்திரியில் அவரை ஒரு மாணவியிடம் தள்ளிவிட்டார்கள். தொழில்வழிச் சிகிச்சையும் பொழுதுபோக்குச் சிகிச்சையும் படிக்கிறவள். இளநிலைச் சிறப்புப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுத அவளுக்கு ஒரு தோள் தேவைப்பட்டது. மாமாவிடம் கெட்டுப்போனது ஒன்று இருந்தது.

எழுதி முடித்ததும் பிழை பார்க்க என்னிடம் கொடுத்தாள். கூடவே ஆய்வேட்டு விதிகள் அச்சிட்ட கையேடும் வந்தது. படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.

கையேட்டின் பெயர் ‘வழிகாட்டி’. அவளுடைய பேராசிரியருக்கும் வழிகாட்டி என்றே பட்டம். [குழம்ப வேண்டாம். புத்தகம் பேசினாலும் ஆள் பேசினாலும் ஒன்றையேதான் சொல்லும்.]

2. ஆய்வின் தேவை

முதலில் இப்படித் தொடங்கினேன்: “விடியலின் பொன்னொளியில் கிடங்கின் கதவு…” வேண்டாம். சிமெண்ட் தூசியில் பொன்னொளி தெரியாது, இருமல்தான் வரும்.

கையேட்டின்படி தொடங்கினேன்: “பங்கேற்பாளரின் தோள் அசைக்கப்பட்டது. அச்சமயம்…” இதுவும் வேண்டாம். [ஆய்வேட்டில் ‘நான்’ என்று எழுதக்கூடாதாம். யார் அசைத்தது, யார் “ஐயோ” என்றது, இரண்டுக்கும் ஆள் கிடையாது.]

நடந்ததையே எழுதுகிறேன். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன்.

“தொழில்வழிச் சிகிச்சைன்னா என்னம்மா?” என்றார் மாமா.

“செய்ற வேலைய வச்சே உடம்பச் சரிபண்றது அங்கிள்.”

“வேலையாலதாம்மா தோளே போச்சு. மறுபடியும் அதேவா?”

அவள் சிரித்துவிட்டாள். கையேட்டில் சிரிக்க இடம் விடவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள்.

“உங்களுக்குப் பொழுதுபோக்கு என்ன?”

“பொழுது எங்கம்மா போகாம நிக்குது? பத்தவே மாட்டேங்குது.”

“சும்மா இருக்கறப்ப என்ன செய்வீங்க?”

“தூங்குவேன்.”

“கையேட்டுல குடுத்திருக்கற பட்டியல்ல தூக்கம் இல்லையே அங்கிள்.”

“அப்ப எழுதாத. நான் பாட்டுக்குத் தூங்கிக்கறேன்.”

3. இலக்கு

நோயாளிக்கு எது முக்கியமோ அதுவே இலக்கு என்கிறது கையேடு. அதிலுள்ள ஒரே நல்ல வரி. அவளும் கேட்டாள்.

“கையத் தூக்கணும்மா. தலைக்கு மேல,” என்றார் மாமா.

காலையில் கிடங்கு வாசலில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். லாரி வந்ததும் மேஸ்திரி படியேறுவார். வேலை வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். தலைகளுக்கு மேலே தெரிகிற கைகளுக்குத்தான் வேலை.

“இடது கையத் தூக்குங்களேன்,” என்றாள்.

“தூக்கினா, வலதுக்கு என்னாச்சுன்னு கேப்பான். அதோட நம்ம சோலி முடிஞ்சது.”

“கை வராம எப்படி மூட்டை தூக்குவீங்க?”

“ரெண்டு பேரு முதுகுல ஏத்தி விடுவாங்க. மூட்டைய ஏத்த ஆள் இருக்கு. கைய ஏத்தத்தான் ஆளில்ல.”

பேராசிரியரிடம் ஓடினாள். அவர் சொன்னதை அவளே என்னிடம் நடித்துக் காட்டினாள்.

“கை தூக்கறது தொழிலா, பொழுதுபோக்கா?”

“வேலை கேக்கறதுக்கு சார்.”

“வேலை கேக்கறது வேலையாகாதும்மா. பட்டியல்ல வளையம் எறியறது இருக்கு, அத எடுத்துக்கோ.”

ஆறு வாரம் மாமா சுவரிலிருந்த குச்சியில் பிளாஸ்டிக் வளையம் எறிந்தார். [இங்கே அவரைப் பரிதாபமாகக் காட்டப் பார்த்தேன், இடம் கொடுக்கவில்லை. வளையம் விழுந்த ஒவ்வொரு தடவையும் “எவன்டா குச்சிய நகத்துனது?” என்று கத்தி வார்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.]

குச்சி நகர்ந்தது உண்மை. அவள்தான் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். கையேட்டில் அது இல்லை. மார்பு மட்டத்தில் நின்ற கை காது வரை ஏறியது.

4. முடிவுகள்

“குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது” என்று ஆய்வேடு சொல்கிறது. பிழை பார்த்தவன் நான். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

“இன்னும் ஒரு சாண்தாம்மா,” என்றார் மாமா.

“ஆய்வுக்காலம் முடிஞ்சிருச்சு அங்கிள். ரூம இன்னொரு பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. அவளுக்கு முழங்கால்.” தரையைப் பார்த்தபடி சொன்னாள். “ரிசல்ட் வரட்டும். வீட்டுக்கே வந்து மிச்சத்தையும் ஏத்தி விடறேன்.”

ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. வெளியூரில் வேலையும் கிடைத்தது. போன் செய்தால் எடுக்கிறாள். “கண்டிப்பா வர்றேன் அங்கிள்” என்கிறாள். பொய் சொல்கிற குரல் இல்லை. லீவு கிடைக்காத குரல்.

5. முடிவுரை

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

மேஸ்திரி மனமிரங்கி… (அந்த ஆளைப் பார்த்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.)

மாணவி பிளாஸ்டிக் வளையங்களோடு வந்து கதவைத் தட்ட… (தட்டினால் நல்லது.)

மாமா கூட்டத்தில் குதிகாலைத் தூக்கி எம்பி நின்று… (அதைத்தான் செய்கிறார். சில நாள் பலிக்கிறது.)

இதுவரை எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“அவளுக்குப் பட்டம், உனக்குக் கதை. எனக்கு என்ன மாப்ளே?”

“முடிவ வேணா மாத்திடறேன் மாமா. கை மேல ஏறிருச்சுன்னு.”

“நீ எழுதுவ. மேஸ்திரி படிப்பானா?”

இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் ஓரம் விடச் சொல்கிறது கையேடு. விட்டிருக்கிறேன். வேறு முடிவு வேண்டுகிறவர்கள் அதில் எழுதிக்கொள்ளலாம். என்னால் முடியாது. முடிவுரையில் புதிதாக எதுவும் வரக்கூடாது என்பது கடைசி விதி. புதிதாக எதுவும் வரவுமில்லை. மாமாவின் கை காதோடு நிற்கிறது.

ஒரு சாண் பாக்கி.