ஆறு மணி நேரத் தூரம்

புருஷன் சகிந்திக் வெளிக்கதவைத் திறந்ததும் குல்யாஷ், பழக்கத்தில் ரொட்டியை நீட்டிவிடாமல் இருக்க, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர்கள் வழக்கப்படி வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் ரொட்டியில் ஒரு கடியாவது கடித்துவிட்டுத்தான் போக வேண்டும். முப்பத்தாறு வருடமாகப் புருஷனை அப்படித்தான் அனுப்பியிருக்கிறாள். போன மாதமும் அனுப்பினாள். நகக்கண் அளவு ரொட்டி. அதன்மேல் அவளாகவே கொஞ்சம் தேன் வேறு தடவினாள். அல்மாட்டி ஆஸ்பத்திரியில், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று நர்ஸ் கேட்க, பொய் சொல்லத் தெரியாத மனிதர் உள்ளதைச் சொல்லிவிட்டார். வெறும் வயிற்றோடு வர வேண்டிய பரிசோதனை என்று, மலையடிவாரத்திலிருந்து நாலு மணி நேரம் வந்தவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை முந்தின நாளே நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து தங்கியாயிற்று. நேற்று முழுக்க அவருக்கு வெறும் இறைச்சியும் கொழுப்பும்தான். அடியில் விரிக்கும் மாவுப் பட்டை இல்லாத இறைச்சித் தட்டைப் பார்த்து, இது என்ன துணி விரிக்காத மேசை மாதிரி இருக்கிறது என்று கேட்டார். மருமகள் ரௌஷான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஆஸ்பத்திரி கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சர்க்கரைத் துணுக்கைக்கூட அவர் பக்கம் அண்ட விடவில்லை.

சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் அகப்பட்ட வினை இது. வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் நாலரை சென்டிமீட்டருக்கு வீங்கியிருந்தது. வீக்கம் மட்டும் என்றால் கண்காணித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். அதன் சுவருக்குள் அழற்சி இருந்தால் கதை வேறு, கடுமையான மருந்தோ கத்தியோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலை ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் படம். சர்க்கரை போன்ற ஒரு கதிர்மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். அழற்சி இருக்கும் இடம் அதை ஆசையாகத் தின்னும். படத்தில் அந்த இடம் எரியும். சகிந்திக்குக்கு நாற்பது குதிரைகள். ஜூன் வந்தால் அவற்றோடு மேய்ச்சல் மலைக்குப் போயாக வேண்டும். போகக் கூடாது என்றால் என்னை இங்கேயே புதைத்துவிடுங்கள் என்று வேடிக்கையாகச் சொன்னார். சொன்னவரும் சிரிக்கவில்லை, கேட்டவளும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது ரௌஷான் பேசாமல் மாமனாரின் அடையாள அட்டையை நீட்டினாள். மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள். அந்த விஷயத்தில் குல்யாஷுக்குக் குறை இல்லை. ஆனால் ஊசி போட அவரை உள்ளே அழைத்துக்கொண்டதும் ரௌஷான் எழுந்துபோய், நடைக்கூடத்தின் கடைசி ஜன்னலருகே உட்கார்ந்துகொண்டாள். கவலைப்படுகிற கிழவியிடம் நாலு வார்த்தை பேசக்கூடவா ஆகாது? மகன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் இருபது நாளாகிறது. மருமகளுக்கு அதற்குள் குளிர்விட்டுப்போய்விட்டது என்று குல்யாஷ் மனசுக்குள் பொருமினாள்.

இரண்டு மணி நேரம் கழித்து சகிந்திக் வெளியே வந்தார். வழக்கமாக அவர் கோட்டை ரௌஷான்தான் விரித்துப் பிடிப்பாள். இன்று அது ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில் கிடந்தது. அவள் ஜன்னலை விட்டு அசையவில்லை. குல்யாஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னாலேயே நர்ஸ் வந்தாள். "இன்னிக்கு ஒரு ஆறு மணி நேரத்துக்குக் கைக்குழந்தைங்க, முழுகாம இருக்கற பொண்ணுங்க, இவங்க பக்கத்துல போகாதீங்க. மருந்து உடம்புல இருந்து இறங்கணும். தாள்லயே போட்டிருக்கே."

குல்யாஷ் தாளில் சாப்பாட்டுப் பகுதியை மட்டும்தான் படித்திருந்தாள். "அந்தக் கவலையே வேணாம் தாயி," என்றாள், ஜன்னல் வரைக்கும் கேட்கும்படி. "எங்க வீட்டுல அப்படி யாருமில்ல."

சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்தாள். ரௌஷானின் முகம் காது வரை சிவந்திருந்தது. அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே போல மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தபோது குல்யாஷ் இரண்டாம் மாதமே ஆடு அறுத்து ஊரைக் கூட்டிவிட்டாள். மூன்றாம் மாதம் அது தங்கவில்லை. அதன்பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. இப்போது கால் தடுக்கத் தடுக்கப் போய் மருமகளின் கையைப் பிடித்தாள்.

"எத்தனாவது மாசம்?"

"நாலு. அஞ்சு தாண்டட்டும், அப்புறமா சொல்லலாம்னு இருந்தோம், அத்தை."

"நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கமாட்டேன்," என்று குல்யாஷ் சத்தியம் செய்தாள். அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன.

கோட்டுக்காக நடந்து வந்துகொண்டிருந்த சகிந்திக் அதைக் கேட்டுப் பாதி வழியில் நின்றுவிட்டார். பிறகு திரும்பாமல், ஒவ்வொரு அடியாகப் பின்னாலேயே நடந்து, எதிர்க்கோடிச் சுவர் முதுகில் இடிக்கும் வரை போனார். "எனக்கு ஒண்ணும் குளிரல. யாரும் கோட்டு எடுத்துட்டு வர வேணாம்," என்றார் அங்கிருந்தே.

டாக்டர் அழைத்ததும் குல்யாஷ் புருஷனுக்குப் பின்னாலேயே அறைக்குள் போனாள். காலையில் மலைக்காக மட்டும் வேண்டியிருந்தாள். இப்போது பேரப்பிள்ளையை முதன்முதலாகக் குதிரையில் ஏற்றிவிட இந்த மனிதர் இருந்தாக வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மனிதன் படுத்திருந்தான். தலைக்குள் ஒரே வெளிச்சம். அடிவயிற்றில் பளீரென்று ஒன்று எரிவதைக் கண்டதும் அவள் புருஷனின் சட்டையைப் பிடித்தாள். மூளை எப்போதும் சர்க்கரை தின்னும், இது மூத்திரப்பை, மருந்து வெளியேறுகிற வழி, இரண்டும் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். பிறகு வீங்கிய குழாயைக் காட்டினார். இறைச்சி அடைத்த குதிரைக்குடல் போலப் புடைத்திருந்தது. ஆனால் அணைந்த அடுப்பாக மங்கிக் கிடந்தது.

"சுவருல அழற்சி இல்ல. முழு ரிப்போர்ட் நாளைக்கு வரும். ஆனா நான் பாத்தவரைக்கும் அது இப்போ தூங்குது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க. சிகரெட்ட இன்னியோட விடுங்க."

"மலைக்கு?" என்றார் சகிந்திக்.

"போங்க. பளு தூக்காதீங்க. வயித்துலயோ முதுகுலயோ வலி வந்தா அந்த நிமிஷமே கீழ இறங்கிடணும்."

வெளியே வந்தபோது நடைக்கூடம் நிறைந்திருந்தது. இந்தக் கோடியில் மாமனார், அந்தக் கோடி ஜன்னலில் மருமகள், நடுவில் கோப்புகளோடு இருபது பேர். மருமகளிடம் குரல் உயர்த்தி ஒரு வார்த்தை பேசாத மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் குதிரையைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார்.

"ரௌஷான் கண்ணு! ஒண்ணும் எரியலயாம்! தூங்குதாம்!"

குல்யாஷுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ரௌஷான் எழுந்தாள். அவர் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல், நின்ற இடத்திலேயே இரண்டு கைகளையும் வலது முழங்காலில் வைத்து, மருமகள்கள் பெரியவர்களுக்குச் செய்கிற முறையில் மெல்லக் குனிந்து சலாம் செய்தாள். நடுவில் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு ரஷ்யக் கிழவி, வணக்கம் தனக்குத்தான் என்று நினைத்து நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மடியிலிருந்து நழுவிய கோப்பைப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே தலைகுனிந்தாள்.