எண் அழிந்த பதினொரு கம்பங்கள்

மார்ச் 11, புதன்.

என் தப்புதான். ஏரிக்கரைச் சேற்றில் தோண்டியெடுத்த வரலாற்றுக்கு முந்தைய கம்பங்களுக்கு எண் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும் என்று தொல்லியல் மாலை வகுப்பின் முதல் நாளே சொன்னார்கள். பதினொன்றைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். பென்சில் முனை ஒடிந்திருந்தது; எழுந்து போய்ச் சீவச் சோம்பல். காய்ந்தால் மரம் வெடித்துவிடும் என்பதால் கம்பங்கள் சீட்டோடு தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்கும். இன்று மாலை மூடியைத் திறந்தால் பதினொரு சீட்டும் வெள்ளை வெளேர்.

தோண்டியெடுத்த மரங்களை வைத்திருக்கும் கூடத்துப் பொறுப்பாளரை மாலை வகுப்பில் நாங்கள் 'தொட்டி மேடம்' என்போம். ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, மீனுக்கு லெட்டர் எழுதுனியா?"

"சாரி மேடம். எது எதுன்னு கண்டுபிடிச்சிடுறேன்."

"வெள்ளிக்கிழமை வயசு பாக்க மரம் போகுது. எங்க நின்னுச்சுன்னு தெரியாத கட்டைய அனுப்ப மாட்டேன். இந்தப் பதினொண்ணும் நடுக்குழியில இருந்தது. இது இல்லன்னா அங்க வீடு எப்ப நின்னுச்சுன்னே சொல்ல முடியாது."

கம்பங்களைப் பிடுங்கும் முன், ஒவ்வொன்றின் தலையையும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் அசல் அளவிலேயே வரைந்து எண் போட்டிருந்தார்கள். அந்தத் தாள்களை வாங்கிவந்தேன். ஒரு கம்பத்தைத் தூக்கி, ஈரத்துணி சுற்றி, தலைமேல் தாளை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதல் கம்பத்துக்கே இருபது நிமிடம். பிறகு கண் பழகிவிட்டது: ஒன்றில் கணு, ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் பட்டை, ஒன்று கோணலாகப் பிளந்தது. ஒன்பது பொருந்தின. சந்தேகத்தில் எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்த்தேன்.

மீதி இரண்டும் ஒரே பருமன். தாளிலும் அதேபோல் இரண்டு வட்டங்கள், 46, 53. எப்படி வைத்தாலும் பொருந்தித் தொலைத்தன.

கூட்டிப்போக வந்த அண்ணன் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றான்.

"ஏதாவது ஒண்ண எழுதிட்டு வாடி. கட்டை என்ன, எந்திரிச்சு வந்து புகாரா குடுக்கப் போகுது?"

கை சீட்டுக்குப் போனது உண்மை. 46 வீட்டுச் சுவர் வரிசையில் நின்றது. 53 தள்ளி, தனியாக. மாற்றி எழுதினால் வீட்டின் வயதே தப்பாகலாம். யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ போண்ணா, நான் பஸ்ல வரேன்."

"உன்னையும் அந்தத் தொட்டியிலயே ஊறப் போடச் சொல்லு" என்று வண்டியைக் கிளப்பினான்.

இரண்டு சீட்டிலும் '46 அல்லது 53' என்றே எழுதினேன். மேடம் படித்தார். "நாளைக்கு ஒரு நாள் இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

நாளை: குழியின் பக்கவாட்டுப் புகைப்படங்களை வாங்குவது. 46-இன் அடியில், கோடரியால் சீவிய கூர்முனையில் எத்தனை வெட்டு முகங்கள் தெரிகின்றன என்று எண்ணி, இரண்டு கம்பங்களோடும் ஒப்பிடுவது.