தல்லேயின் போனுக்குப் பயந்தவர்கள்

நம்ஹியின் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. நான் தோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கிறேன், அவள் தொடுகறி விற்கிறாள். கொரியாவின் சொங்ஜு நகரச் சந்தையில் எங்கள் வரிசைக்கு மழை பெய்தால் ஆள் வராது; வெயில் அடித்தாலும் அப்படியொன்றும் கூட்டம் அள்ளாது. வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் சந்தையையே மூடிவிடுவோம். மிஞ்சிய கீரையையும் தாமரைக்கிழங்கையும் நம்ஹி என் தலையில் கட்டிவிட்டுப் போவாள்.

"அவங்க நம்மகிட்ட வரலேன்னா நாம அவங்க வாசலுக்குப் போவோம் அண்ணி" என்று ஆரம்பித்தவள் அவளுடைய நாத்தனார் தல்லே. காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் போனிலேயே பேசிப் பேசி ஆள் பிடித்த அனுபவம் அவளுக்கு. அந்த வேலையை விட்டுவிட்டு அண்ணியோடு சேர்ந்துகொண்டாள்.

திட்டம் எளிமையானது. மாதச் சந்தா கட்டினால் செவ்வாயும் வெள்ளியும் விடிவதற்குள் நாலு வகைத் தொடுகறி ஒரு குளிர்ப்பையில் வீட்டுக் கதவில் தொங்கும். அடுத்த முறை காலிப் பையை எடுத்துக்கொண்டு புதுப் பையை மாட்டிவிட்டு வருவார்கள். நம்ஹி சமைப்பாள். தல்லே பேசுவாள். நம்ஹியின் கணவன் கிஹொன் வண்டி ஓட்டுவான்.

சந்தைக்குப் பின்னாலிருக்கும் அடுக்குமாடி வளாகத்தில் ஒரு கை விரல்களில் அடங்கிய வீடுகளில் தொடங்கியது, வசந்தம் முடிவதற்குள் வளாகம் முழுவதும் பரவிவிட்டது. சோயாவில் வேகவைத்த காடை முட்டைக்காகவே சேர்ந்தவர்கள் உண்டு. தொடுகறிக்கான தோஃபுவை நம்ஹி என்னிடமே வாங்கியதால் என் வியாபாரமும் சூடுபிடித்தது. பொய் சொல்ல மாட்டேன், தல்லேயைப் பார்க்கும்போதெல்லாம் நானே எழுந்து நாற்காலி போட்டேன்.

கோடை வந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். நம்ஹிக்குச் சோறு இறங்கவில்லை. தல்லே அசரவில்லை.

"நிறுத்தணும்னா மெசேஜ் அனுப்பக்கூடாது, எனக்குப் போன் பண்ணித்தான் சொல்லணும்னு வெச்சிருவோம். மீதியை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். நிறுத்துகிறேன் என்று போன் செய்தவர்கள், "சரி, இன்னும் மூணு மாசம் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். கழன்றுகொள்வது நின்றது. பைகளும் ஒழுங்காகக் காலியாகித் திரும்பி வந்தன. நம்ஹி மறுபடி பாட்டு முணுமுணுத்தபடி கீரை அலச ஆரம்பித்தாள்.

இலையுதிர்காலத் தொடக்கத்தில் கிஹொனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை நம்ஹியே வண்டியை எடுத்தாள். கடைசிப் பையை மாட்டிவிட்டுக் கீழே வந்தபோது காவலாளி பியோவின் அறைக்கதவு திறந்திருந்தது. மேசை முழுக்க அவளுடைய டப்பாக்கள். பியோ காலைச் சாப்பாட்டில் மும்முரமாக இருந்தார்.

"வாம்மா, உக்காரு, சாப்பிடு! இந்த நெத்திலிப் பொரியல் எட்டாவது மாடி குடுத்தது. தாமரைக்கிழங்கு ரெண்டாவது மாடி டீச்சரம்மா. முட்டை மட்டும் யாரும் தர மாட்டேங்கறாங்க."

"எதுக்கு உங்களுக்குக் குடுக்கறாங்க?"

"சாப்பிட்டு மாளலையாம். நிறுத்தணும்னா கடையில ஒரு பொம்பளைக்குப் போன் போடணுமாம். அவகிட்டப் பேசறதைவிட இதை எனக்குக் குடுத்துட்டுக் காலிப் பையை மாட்டிடறது சுலபம்னு சொல்றாங்க. பாரு, பெல்ட்டுல ரெண்டு ஓட்டை தள்ளிப் போயிருச்சு எனக்கு!"

நம்ஹி கடைக்கு வந்து இதைச் சொன்னதும் தல்லே சிரித்தாள். "காசு வருதில்ல அண்ணி? அதை யார் சாப்பிட்டா நமக்கென்ன?"

நம்ஹி கத்தவில்லை. ஏப்ரனைக் கழற்றி என் தோஃபுப் பலகைமேல் போட்டாள். "காவல்காரருக்குச் சமைக்கறதுக்காடி நான் விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கிறேன்? கெளம்பு. வீடு வீடாப் போய்க் கேப்போம்."

இரண்டாவது வீட்டில் கதவைத் திறந்தவள் ஓர் இளம் நர்ஸ். நம்ஹி சமையல்காரி என்று தெரிந்ததும் மனம் விட்டுப் பேசினாள். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. இரவு வாரங்களில் ஆஸ்பத்திரியிலேயே சாப்பிட்டுவிடுகிறாள். தனியாளுக்கு இவ்வளவு தேவையும் இல்லை.

"சமையல் ரொம்ப நல்லா இருக்குக்கா. ஆனா நிறுத்தறேன்னு சொன்னா அந்தப் பொண்ணு விட மாட்டேங்குது. போன்ல அது நம்பர் வந்தாலே நான் பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறேன்."

"அப்படியா பேசுறேன் நான்?" என்றாள் தல்லே.

நர்ஸுக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்து, "இன்னும் மூணு மாசம் போடுங்க" என்றாள்.

நம்ஹிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நர்ஸும் சிரித்துவிட்டாள். தல்லே மட்டும் சிரிக்கவில்லை. மற்ற வீடுகளில் நம்ஹியை முன்னால் விட்டுப் பின்னாலேயே நின்றாளாம். திரும்பி வந்து என் கடை முன்னால் உட்கார்ந்து, "நான் நல்லாப் பேசறேன்னு நெனச்சேன்கா. எல்லாரும் பயந்துதான் சரின்னாங்களா?" என்று கேட்டாள். சூடான தோஃபு ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் முறையை மாற்றினார்கள். வேண்டாத வாரத்துக்கு 'வேண்டாம்' என்று ஒரு மெசேஜ் போதும். மொத்தமாக நிறுத்தவும் அதே. தனியாளுக்குச் சின்னப் பை. பிடிக்காத கறியைச் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள்.

மெசேஜ்கள் வந்து குவிந்தன. பாதிப் பேர் போய்விட்டார்கள். கிஹொன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே, "உங்க ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டான். நம்ஹி கீரையைக் குறைத்து வாங்கினாள். நானும் தோஃபுவைக் குறைத்துப் போட்டேன்.

முதலில் வந்து சேர்ந்த புது ஆள் யார் தெரியுமா? பியோதான். ஓசிச் சாப்பாடு நின்றுபோனதும் அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்கும் ஒரு பை போடும்மா. முட்டை கண்டிப்பா இருக்கணும். என் பொண்டாட்டி சமையலுக்கு இனி நான் திரும்ப முடியாது, அவகிட்ட மட்டும் சொல்லிடாத."

அவர் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்து வளாகங்களின் காவலாளிகள் எல்லோரும் அவருக்குச் சிநேகிதர்கள். புதிதாகக் குடிவருகிறவர்களிடம், "பிடிக்கலேன்னா ஒரு மெசேஜ்ல நிறுத்திடலாம்" என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அந்த ஒரு வார்த்தைக்காகவே துணிந்து சேர்ந்தார்கள். நிறுத்தியவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நர்ஸ் சின்னப் பைக்கு மாறி, கூட வேலை செய்யும் நாலைந்து பேரையும் சேர்த்துவிட்டாள்.

தல்லே இப்போதும் போன் பண்ணுகிறாள், ஆனால் குறை கேட்பதற்கு. முதல் மாதம் பலர் எடுக்கவே இல்லை. பிறகு எடுத்துத் திட்டினார்கள். அவள் திட்டுகளை நம்ஹியிடம் கொண்டுபோய்க் கொட்டுவாள். மறுவாரம் உப்பு குறையும், வேறு கீரை வரும்.

கிம்ச்சி ஊறுகாய் போடும் குளிர்காலத்துக்குள் எதிர்க்கடையையும் வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். கிம்ச்சி போட்ட அன்று முட்டைக்கோஸ் மலைபோல் குவிந்து கிடக்க, கிஹொனையும் என்னையும் சேர்த்து எல்லோரையும் மசாலா தடவ உட்கார வைத்தாள் நம்ஹி. நடுவில் தல்லேயின் போன் அடித்தது. முழங்கைவரை மிளகாய் விழுது. மூக்கால் பொத்தானை அமுக்கினாள்.

"போன வாரம் முள்ளங்கி புளிச்சிருந்துச்சா? எவ்வளவு புளிப்பு? இல்ல இல்ல, கோவிச்சுக்கல, நீங்க தாராளமாச் சொல்லுங்க. அண்ணி, இங்க வாங்க! இவங்க நல்லாத் திட்டறாங்க!"