பையின் அடியில் சும்மாடு

பவுலினாவுக்குக் கழுத்து இடது பக்கம் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கூடை ஜல்லியை லாரியில் தட்டும்போது பிடரியில் சுருக்கென்று நரம்பு இழுத்தது. கல்லுப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தும் விடவில்லை. மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அது இடது ஜன்னலாகப் போயிற்று. சூளகிரி மலையைப் பார்க்க இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினாள். ஏழு வருஷம் காத்திருந்து ஏறிய பஸ், விடுவாளா?

ஏழு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான வாரத்தில் அவள் புருஷன் அருள்ஜோசப் கொடுத்த வாக்கு அது. அவன் வாலிபத்தில் ஒரு வருஷம் பெங்களூரில் கட்டட வேலை பார்த்தவன். "ஆடி மாசத்துல அந்த ஊரு காத்துல நின்னா ஆளுக்கு வேர்க்கவே வேர்க்காது புள்ள. ஒரு சனி ஞாயிறு உன்னக் கூட்டிக்கினு போயி லால்பாக்குத் தோட்டத்துல உக்கார வைக்கிறேன்" என்றான். பர்கூர்ப் பாறையில் கல் உடைப்பவளுக்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்? வேர்வை காய்ந்து உப்புக் கோடு விழாத ரவிக்கை அவளிடம் ஒன்றுகூட இல்லை. வேர்க்காமல் ஒரு பகல். அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஏழு ஆடி போயிற்று. இந்த அறுபத்தெட்டாம் வருஷத்து ஆடியில், கேட்காமலே அவனாக வந்து "போலாம் வா" என்றான்.

பாறை முழுக்கச் சொல்லிவிட்டாள். கூட வேலை செய்யும் கெம்பம்மா, "வர்றப்ப கொஞ்சம் காத்தப் புடிச்சி தூக்குல போட்டு மூடிக்கினு வாடி" என்று சிரித்தாள். பிள்ளைகள் இரண்டையும் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, ஈஸ்டருக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு பவுலினா கிளம்பினாள். பையை அருள்ஜோசப்பே கட்டினான். ஓசூரில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் அவளுக்கு மட்டும் இரண்டு வடை வாங்கி வந்தான். தனக்கு வாங்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பெங்களூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. பொய் சொல்லவில்லை மனுஷன் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் காக்கி நிக்கர் போட்ட ஆள் ஒருவன் பீடியைக் கீழே போட்டுவிட்டு நேராக வந்தான்.

"ஜோடி பந்தா?" என்றான் அருள்ஜோசப்பிடம். பிறகு அவள் புடவையை மேலும் கீழும் பார்த்து, கல்யாண விருந்துக்கு வந்திருக்கிறாயா அம்மா என்று கன்னடத்திலேயே கேட்டுச் சிரித்தான்.

கன்னடம் அவளுக்கு நன்றாகவே புரியும்; ஜோடி வந்தாயிற்றா என்று கேட்கிறான். ஜோடி என்றால் என்ன என்பதும் புரியும். பாறையிலும் கட்டடத்திலும் மேஸ்திரிகள் தனி ஆளை எடுப்பதில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தால்தான் வேலை. மாட்டுக்கு நுகம் போல, ஒன்றை மட்டும் பூட்ட முடியாது.

"யாருய்யா இவன்?"

"திம்மராயன் மேஸ்திரி. தெரிஞ்சவரு. சும்மா நட."

லால்பாக்குக்குத் தெற்கே மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எலும்பாய் நின்றது. தகரக் கொட்டகைக்குள் போய்ப் பவுலினா பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். புளிச்சோற்றுப் பொட்டலம், அவன் லுங்கி, அவளுடைய கிழிந்த வேலைப் புடவை. எல்லாவற்றுக்கும் அடியில் சும்மாடு. பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிச் சுற்றி அவளே தைத்த சும்மாடு, நடுவில் அவள் தலை பதிந்த குழியோடு உருண்டு வந்து காலடியில் நின்றது.

"என் சும்மாட்ட எடுத்து வைக்கத் தெரிஞ்சிச்சி. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தெரியலயா?"

"சொன்னா நீ வரமாட்ட புள்ள."

"கேட்டியா நீ?"

"இவன்கிட்ட ஒருக்கா வேல செஞ்சி காட்டிட்டா நிரந்தரமா எடுத்துக்குவான். அந்தப் பாறைய விட்டே வந்துரலாம். உனக்கும்தான் நல்லது."

"எனக்கு நல்லதுன்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருப்ப. வடை வாங்கிக் குடுத்திருக்க மாட்ட. பலி ஆட்டுக்குக் கொழ காட்ற மாதிரி காட்டிக்கினு வந்துக்கீற."

அவன் தலையைச் சொறிந்தான். "இன்னிக்கி ஒரு நாள். நாளைக்கிப் பெரிய கோயில்ல பூச. அப்புறம் லால்பாக்கு. மாதா மேல ஆணை."

அவள் புடவையை மாற்றினாள். சாயங்காலம் வரை மணலும் ஜல்லியும் மேலே சுமந்தாள். கழுத்து நெருப்பாக எரிந்தது. கூடையில் கிடந்த ஜல்லியைப் பார்த்தாள். நேற்று உடைத்ததையே இன்று சுமக்கிறேனா? இங்கேயும் வேர்த்தது. காற்று வேர்வையை உலர்த்திக்கொண்டே போனது, அவ்வளவுதான் வித்தியாசம். ரவிக்கையில் உப்புக் கோடு அதே இடத்தில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிமெண்டு மூட்டைகளை அவிழ்த்தார்கள். மூன்றாம் மாடிக்குத் தளம் போடும் நாள். தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் கலவை இறுகித் தளம் விரிசல் விடும். இது அருள்ஜோசப்புக்கு நேற்றே தெரியும். ஜோடி கேட்டதே இதற்குத்தான்.

"பத்து மணிக்குள்ள முடிஞ்சிரும்" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

சாரத்தில் கீழிருந்து மேல் வரை ஆட்கள் படிப்படியாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றினார்கள். பவுலினாவை உச்சியில், அருள்ஜோசப்புக்கு அடுத்த கீழ்ப்படியில் நிறுத்தினான் மேஸ்திரி. அவளுக்குக் கீழ்ப்படியில் சென்னம்மா என்று ஒரு தளி ஊர்க்காரி. காற்று சாரக் கழிகளை ஆட்டியது. ஒவ்வொரு சட்டியையும் தலையில் தாங்கி மேலே கொடுக்கும்போது நரம்பு ஒரு முறை வெட்டியது. பூசை நேரம் போயிற்று. பத்தும் போயிற்று. வெயில் உச்சிக்கு வந்தபோது பாதித் தளம்கூட மூடவில்லை.

"பத்து மணின்னியே?"

"கைய நீட்டு பவுலி. பேச இதா நேரம்?"

அவள் கையில் இருந்த சட்டியைக் கடைசியாக ஒரு முறை மேலே ஏற்றிக் கொடுத்தாள். சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்து அவன் தலையில் கவிழ்த்தாள். கழியில் தொங்கிய அவன் சட்டைப் பையில் கையை விட்டு, திரும்பிப் போகும் பஸ் காசை எடுத்து முந்தானையில் முடிந்தாள். இறங்கினாள்.

"ஏய் பவுலி! எறங்காதடி! ஏய்!"

"ஜோடிதான கேட்டான்? நீயே ரெண்டு ஆளா நில்லு!"

திம்மராயன் கீழிருந்து கத்தினான். காற்றில் அவன் திட்டு பாதிதான் மேலே வந்தது. சென்னம்மா சிரித்துக்கொண்டே அவளுக்கு வழிவிட்டு ஒரு படி மேலே ஏறினாள். "போ தாயி. நான் எட்டி நீட்டிக்கிறேன். இந்தாய்யா மாப்ள, ரெண்டு சட்டி சேத்துப் புடி!"

தொட்டியில் கை கால் கழுவி நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, லால்பாக்குக்கு வழி கேட்டு நடந்தாள். தோட்டத்துக்குள் பூவைப் பார்க்கவில்லை, கண்ணாடி மாளிகையைப் பார்க்கவில்லை. உள்ளே பெரிய பாறை ஒன்று கிடந்தது. வெட்டுத் தழும்பு இல்லாத, யாரும் வேட்டு வைக்காத பாறை. கண்ணாலேயே அளந்தாள். நூறு லாரி ஜல்லி தேறும். அதன் தலையில் ஏறி உட்கார்ந்தாள்.

காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் ரவிக்கை உலர்ந்தது. பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்தும் நனையவில்லை. வேர்க்காமல் இருப்பது இப்படித்தான் இருக்குமா என்று புறங்கையைத் தொட்டுப் பார்த்தாள். கோபம் மட்டும் உலரவில்லை. கழுத்து வலியும் அங்கேயே இருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அருள்ஜோசப் வந்து நின்றான். தலையிலும் புருவத்திலும் சிமெண்டு. உள்ளங்கை இரண்டும் வெந்து கிடந்தன. சும்மாடு கக்கத்தில் இருந்தது.

"இனிமே இந்தப் பக்கம் வராதேன்னுட்டான் மேஸ்திரி. அத்தன பேரு முன்னால என் மானம் போச்சி."

"எனக்குச் சனிக்கெழம போச்சி."

"அதான் மத்தியானத்திலருந்து உக்காந்துட்ட இல்ல?"

"அது நானா எறங்கி எடுத்துக்கினது. நீ குடுத்தது இல்ல."

முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு டிக்கெட்டுக்கும் அவளே காசு கொடுத்தாள். ஏறி வலது ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சும்மாட்டை அவன் பைக்குள் திணிக்கப் போனபோது, "மடியிலயே வெச்சிக்கினு வா" என்றாள். வைத்துக்கொண்டான்.

ஓசூரில் பஸ் நின்றதும் அவன் எழுந்தான். "வடை வாங்கட்டுமா?"

"வடையில கடன கழிக்காத. ஒரு சனிக்கெழம முழுசா, ஒரு ஞாயித்துக்கெழம பாதி. அது நீ எனக்குத் தரணும்."