ரோந்தாவின் ச ரி க ம

கணவன் அழகேசனை நம்பி இசை நோட்டை எடுத்து வரச் சொன்னது கல்யாணியின் தப்புதான். பாலம் கட்டுகிற எஞ்சினியர், பெரிய படிப்பு. வீட்டுக் காரியம் என்றால் மட்டும் கோட்டை விட்டுவிடுவார்.

ஸ்பெயினில் மலையை இரண்டாகப் பிளக்கும் பள்ளத்தின் மேல் நிற்கிற பழைய ஊர் ரோந்தா. 1973 கோடையில் அங்கே நான்கு நாள் தங்கிவந்த கல்யாணி, அந்த ஊரையே பியானோவுக்கு மூன்று பகுதிகளாக எழுதினாள்: பாலம், பள்ளம், சந்தை. ஒன்றரை வருஷ உழைப்பு. டொராண்டோவில் புதிய இசையமைப்பாளர்களின் கச்சேரியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அதற்கு இன்று காலை தேர்வு. நகரின் கிழக்கு ஓரத்து வோபர்னிலிருந்து பனியில் பஸ் பிடித்து, வார்டன் ஸ்டேஷனில் சப்வே ரயிலுக்கு மாறி வந்து பையைத் திறந்தால், உள்ளே வேறு நோட்டு.

"அஞ்சு கோடு போட்டு எழுதின நோட்டு எங்கங்க? இது நான் முதல்ல தமிழ்ல ச ரி க மன்னு எழுதினது!"

"ரெண்டுக்கும் ஒரே பிரவுன் அட்டை. இதுலதான் குங்குமம் இருந்துச்சு. சரஸ்வதி பூஜையில வெச்ச நோட்டாச்சே, ராசியா இருக்கும்னு..."

"நல்லா இருக்கு உங்க ராசி!"

தலைமை நடுவர் தமிழ் எழுத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இசைக்குறிப்பு இல்லாமல் தேர்வு கிடையாது. அடுத்தவரை வரச்சொல்லுங்கள்."

கல்யாணிக்குச் சுருக்கென்றது. "உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் அது இசைக்குறிப்பே இல்லையா? எந்த வரியிலாவது விரலை வையுங்கள். வாசிக்கிறேன்."

வைத்தார். மேல்வரி வலக்கைக்கு, கீழ்வரி இடக்கைக்கு. ஸ்வரத்தைப் பாடிவிட்டு வாசித்தாள். பக்கத்திலிருந்த நடுவரம்மா அதை அப்படியே தன் தாளில் எழுதிக்கொண்டார். வேறு பக்கம், வேறு வரி என்று பத்துப் பன்னிரண்டு ஆயிற்று. பிறகு அந்தம்மா சத்தமில்லாமல் முதல் வரிக்கே விரலைக் கொண்டுபோனார். கல்யாணி வாசித்தாள். தாளோடு ஒப்பிட்டார்கள். ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை.

"முழுதும் வாசியுங்கள்" என்றார் தலைமை நடுவர், இப்போது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து.

பாலம் எழுந்தது, பள்ளம் இடக்கையில் உறுமியது. சந்தை வந்தபோது அவள் விரல்களுக்குப் பேய் பிடித்திருந்தது. முடிந்ததும் மூன்று நடுவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"அந்த மிச்ச இடம் உங்களுக்கு வேண்டாம்" என்றார் தலைமை நடுவர். கல்யாணி நோட்டை மூடி எடுத்துக்கொண்டாள். "கச்சேரியே உங்கள் ரோந்தாவில்தான் தொடங்கும். மற்றவர்கள் பின்னால் வரட்டும்."

வெளியே நடைவழியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த அழகேசன் துள்ளி எழும்படி, கட்டடமே கேட்க அவள் கத்தினாள்:

"ஜெயிச்சுட்டேங்க!"